குழாய் ஸ்பீக்கருக்கு எந்தச் சமயம்?

வாசகர் கேள்விகளுக்கு வண்ணார்பண்ணையிலிருந்து ஓய்வுபெற்ற நீதிமன்றப் பதிவாளர் ஒருவர் பதில் தருகிறார்.

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: சத்தம். கோவில் சத்தம், பள்ளிவாசல் சத்தம், தேவாலய மணி, விகாரை ஒலிபெருக்கி. ஆவணி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வேறு எதைப் பற்றி எழுதுவார்கள்? காணிப் பிணக்கு, உறுதி, தோம்பு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஐந்தாறு வீடு தள்ளி ஒரு கோவில். திருவிழா தொடங்கினால் காலை நாலரைக்கே பாட்டுப் போட்டுவிடுவார்கள். மகள் இம்முறை உயர்தரம் எடுக்கிறாள். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பரிபாலன சபைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "நீங்கள் வேதத்துக்குப் போய்விட்டீர்களோ?" என்று, கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டோமோ என்ற அர்த்தத்தில், திருப்பிக் கேட்டார். சட்டத்தில் எங்களுக்கு ஏதாவது இடம் இருக்கிறதா ஐயா?
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: இருக்கிறது, தங்கச்சி. பலர் நினைப்பதைவிட இறுக்கமாகவே இருக்கிறது.

பொலிஸ் கட்டளைச் சட்டம் என்று 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன் 80ஆம் பிரிவின் கீழ்தான் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வழங்கப்படுகிறது. அந்த அனுமதியை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று 2007இல் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வெலிகமையில் ஒரு பள்ளிவாசல் தொடர்பாக எழுந்த அடிப்படை உரிமை மனு அது, இலக்கம் 38/2005. தீர்ப்பைத் தந்தவர் அப்போதைய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. விசேட சமய நிகழ்வுக்காக அந்த நேரத்தை மாற்றுவதென்றால், சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களின் கருத்தை முதலில் கேட்க வேண்டும். மாற்றுவதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நிபந்தனையை மீறியதாக இரண்டாவது முறைப்பாடு வந்தால் அனுமதியைத் திரும்பப் பெற வேண்டும்.

அதோடு முடியவில்லை. காலை 6 முதல் இரவு 10 வரை அனுமதி இருக்கும் நேரத்திலும் ஒலிபெருக்கிச் சத்தம் அந்த வளவைத் தாண்டிப் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தை ஏனோ யாரும் வாசிப்பதில்லை. "பத்து மணிக்குள் எதுவும் செய்யலாம்" என்றுதான் ஊரில் விளங்கி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு முந்தியே, 1996இல், தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. கொக்குவில் நல்லூர்ப் பிரதேச சபைக்குள் வருகிறது. பிரதேச சபைப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மாநகர சபைக்குள் என்றால் 63, 50. அந்த விதிகளில் இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கி மறுநாள் காலை 6 வரை நீள்கிறது. சத்தம் கிளம்பும் வளவின் எல்லையில் வைத்து அளக்க வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீற்றர் தூரத்தில் 110 டெசிபெல் தரும் குழாய் ஸ்பீக்கரைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள தென்னையில் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபெல்தான் குறையும். 100 மீற்றரில் இன்னும் 70 இருக்கும். மரமும் மதிலும் கொஞ்சம் மறிக்கும் என்றாலும், உயரத்தில் கட்டுவதே அந்த மறிப்பைத் தாண்டத்தானே. விடியப்புறத்தில் இன்னொரு சங்கடம். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ளது சற்றுச் சூடாகவும் இருக்கும்போது, மேலே போகும் சத்தம் வளைந்து நிலத்துக்கே திரும்பும். பகலில் கேட்காத பக்கத்து ஊர்க் கோவில் பாட்டு நாலரைக்குக் காதுக்குள் கேட்பது அதனால்தான். உங்கள் மகள் மிகைப்படுத்தவில்லை.

சரி, ஏன் இவ்வளவு சத்தம்? பக்தி என்று சொல்வார்கள். நான் பார்த்தவரை உபயகாரர் போட்டிதான். முதல் நாள் உபயகாரர் நாலு குழாய் கட்டினால் இரண்டாம் நாள்காரர் எட்டுக் கட்டுவார். மூன்றாம் நாள் உபயம் வெளிநாட்டுக் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். சவுண்ட்ஸ்காரர் லொறியோடு வந்து இறங்குவார். லண்டனில் இருக்கும் உபயகாரர் யூரியூப் நேரலையில் தன் பெயரைக் கேட்டுக்கொள்வார். அதற்காகக் கொக்குவில் முழுவதும் கேட்க வேண்டியதில்லை.

உங்களிடம் கேள்வி கேட்டவரிடம் நீங்களும் ஒன்று கேட்டிருக்கலாம்: ஒலிபெருக்கி எந்த ஆகமத்தில் எந்தப் படலத்தில் வருகிறது? மணி வருகிறது, சங்கு வருகிறது, மேளம் வருகிறது. 1847 டிசம்பர் 31ஆம் திகதி, இங்கே என் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள வண்ணைச் சிவன் கோவிலில், ஆறுமுக நாவலர் முதல் பிரசங்கத்தைத் தொடங்கினார். அவருக்கு யார் மைக் கொடுத்தார்கள்? சைவம் வளரவில்லையா?

நீங்கள் செய்ய வேண்டியது இது. தனியாகப் போகாதீர்கள். அந்தக் கோவிலுக்கே போய்க் கும்பிடுகிற நாலைந்து குடும்பங்களின் கையெழுத்தோடு சபைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். "பாட்டை நிறுத்துங்கள்" என்று எழுத வேண்டாம். குழாயை இறக்கி, உள்வீதியைப் பார்த்தபடி சின்னப் பெட்டி ஸ்பீக்கர் வையுங்கள், ஆறு மணிக்குப் பிறகு போடுங்கள் என்று எழுதுங்கள். பிரதி ஒன்று பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு, ஒன்று பிரதேச செயலாளருக்கு. அனுமதிப் பத்திரத்தில் என்ன நேரம் போட்டிருக்கிறது என்று பொலிஸில் கேளுங்கள். அனுமதியே எடுக்காத கோவில்களும் உண்டு. முறைப்பாடு கொடுத்தால் அதன் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. கடைசியாக நீதவான் நீதிமன்றம்: குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் பொதுத் தொல்லையை அகற்றக் கட்டளை கேட்கலாம். ஆனால் அங்கே போனால் வழக்குத் தவணைக்கு அலைவதற்குள் பரீட்சை முடிந்துவிடும். அந்த வாசலில் வேலை செய்தவன் சொல்கிறேன்.

கேள்வி: கோவில்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். விடியற்காலை பாங்கு ஆறு மணிக்கு முன்தானே சொல்கிறார்கள்? உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்கு இல்லையா? வருடம் முழுவதும் ஐந்து வேளை கேட்கிறோமே.
— ஒரு வாசகர், நாவாந்துறை

பதில்: அவர்களுக்கும் உண்டு. மேலே சொன்ன வழக்கே ஒரு பள்ளிவாசலைப் பற்றியதுதான். காலை ஆறுக்கு முன் வெளி ஒலிபெருக்கியில் எது வந்தாலும், அது பாங்காக இருந்தாலும் கந்த சஷ்டிக் கவசமாக இருந்தாலும், அயலவரைக் கேட்டு விசேடமாக நேரம் மாற்றித் தராவிட்டால் அனுமதி இல்லை. பாங்குக்கும் ஒலிபெருக்கி கட்டாயமில்லை; நபிகள் காலத்தில் மனிதக் குரல்தான். சவூதி அரேபியாவே 2021இல் வெளி ஒலிபெருக்கியைப் பாங்குக்கும், தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்துக்கும் மட்டும் என்று மட்டுப்படுத்தி, சத்தத்தையும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைக்கச் சொன்னது. இந்தோனேசியாவின் சமய விவகார அமைச்சு 2022இல் 100 டெசிபெல் என்று மேல் வரம்பு போட்டது. ஆகவே இதைப் பேசினால் இஸ்லாத்துக்கு விரோதம் என்று எந்தப் பள்ளி நிர்வாகமும் சொல்ல முடியாது.

இனி உங்களுக்கு என் கேள்வி. ஒரு பாங்கு நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து வேளையையும் கூட்டினாலும் இருபது நிமிடம். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை கோவில் குழாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பாடுகிறது? அதற்கு எத்தனை தடவை பொலிஸுக்குப் போனீர்கள்? பழகிய சத்தம் காதில் விழாது. பழகாதது நாலு நிமிடம் என்றாலும் விழும். அது மனித இயல்பு, குற்றம் சொல்லவில்லை. ஆனால் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதும்போது காதின் பழக்கத்தைச் சட்டமாக்கக் கூடாது. ஒரு தெருவில் கோவிலும் பள்ளியும் இருந்து, பள்ளிக்கு மட்டும் பொலிஸ் போனால், அது அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை தடுக்கிற ஓரங்காட்டல். திசை மாறினாலும் அதேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சோனகத் தெருவும் ஐந்து சந்தியும் வெறிச்சோடின. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்காக அந்தப் பக்கத்தில் பாங்கு இல்லை. அந்த ஆண்டுகளில் நாங்கள் யாரும் நிம்மதியாகத் தூங்கியதாக எனக்கு நினைவில்லை, ஷெல் விழுந்துகொண்டிருந்தது. 2002க்குப் பிறகு சிலரும் 2009க்குப் பிறகு இன்னும் சிலரும் திரும்பி வந்து இடிந்த சுவர்களுக்குள் விளக்கேற்றினார்கள். செனட்டர் ஏ.எம்.ஏ. அஸீஸ் இந்த வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர். அப்படிப்பட்ட ஊர் இது. விடியற்காலை ஸ்பீக்கர் உங்களுக்குத் தொல்லையாக இருந்தால் பள்ளி நிர்வாகத்திடம் நேரே போய், மரியாதையாகச் சொல்லுங்கள். பிளேன்ரீ குடிக்காமல் உங்களை அனுப்ப மாட்டார்கள். பெட்டிசத்தோடு தொடங்காதீர்கள்.

கேள்வி: பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று அரசியலமைப்பே சொல்லும்போது, விகாரையில் பிரித் ஓதும் ஒலிபெருக்கிக்கு எதிராக ஒரு தமிழன் எதைக் கொண்டு வாதாடுவது?
— ஒரு வாசகர், அரியாலை

பதில்: அதே அரசியலமைப்பைக் கொண்டுதான். 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது, உண்மை. அதே வாக்கியத்தில், 10ஆம், 14(1)(உ) உறுப்புரைகள் மற்ற எல்லாச் சமயங்களுக்கும் தரும் உரிமைகளைக் காப்பதாகவும் சொல்கிறது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது 12(1). வெலிகமைத் தீர்ப்பு இன்னும் ஒரு படி போய், இலங்கை மதச்சார்பற்ற நாடு என்றே எழுதியது. இறைமை சமயப் பிரிவு பாராமல் மக்கள் எல்லோருக்கும் பொதுவானது என்று 3ஆம் உறுப்புரையைக் காட்டியது. 10 மணி முதல் 6 மணி வரை என்ற விதியில் எந்தச் சமயத்துக்கும் விலக்கு எழுதப்படவில்லை.

தாளில் அவ்வளவு. பொலிஸ் நிலைய மேசையில் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தது அதுதான் என்று விளங்குகிறது. தையிட்டியில் தனியார் காணியில் விகாரை எழுந்ததைப் பார்த்தவர்களுக்குச் சட்டம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். அடிப்படை உரிமை மனு என்றால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். அப்புறம் ஒன்று: விகாரைக்கு எதிராக நீங்கள் வாதாடப் போகும் நாளில், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உங்கள் ஊர்க் கோவில் அனுமதிப் பத்திரத்தைக் கேட்பார். அதைச் சரியாக வைத்திருங்கள்.

கேள்வி: தேவாலய மணியையும் நிறுத்தச் சொல்வீர்களா?
— குருநகர்

பதில்: மாட்டேன். காலை, மதியம், மாலை என்று மூவேளை மணி அடிப்பதில் மின்சாரம் இல்லை, ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். கோவில் மணிக்கும் இதே பதில்தான். ஆனால் திருநாளுக்கு முந்திய ஒன்பது நாளும் நவநாள் செபத்தையும் பாட்டையும் கடற்கரை முழுவதற்கும் கேட்க வைக்கும் குழாய் இருக்கிறதே, அதற்குக் கொக்குவில் தாய்க்குச் சொன்ன பதிலை வாசியுங்கள். பதிவுசெய்த மணியோசையை ஸ்பீக்கரில் போடுகிறவர்களும் 'மணி' என்ற கணக்கில் வர மாட்டார்கள்; அது ஸ்பீக்கர்தான்.

கேள்வி: 2020 நோன்பு காலத்தில் இங்கே பிரம்டன் நகரசபை, மாலைப் பாங்கை ஒலிபெருக்கியில் சொல்ல இடம் கொடுத்தது. எங்கள் தமிழ் ஆட்களே பலர் அதற்கு எதிராகப் பேசினார்கள். "ஒரு சமயத்துக்குச் சலுகை" என்பது அவர்கள் வாதம். உங்கள் அபிப்பிராயம்?
— யாழ்ப்பாணத்தான், கனடா

பதில்: தம்பி, சலுகை அதற்கு முன்பே இருந்தது. பிரம்டன் நகரின் சத்தத் துணைவிதி 1984இல் வந்தபோது தேவாலய மணிக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தது. அது சலுகை என்று 36 வருடம் யாருக்கும் தோன்றவில்லை. 2020இல் கொரோனாவால் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தபோது, குறித்த நேரம், குறித்த டெசிபெல் அளவுக்குள் எல்லாச் சமயங்களுக்கும் அந்த விலக்கை விரித்தார்கள். பக்கத்து மிசிசாகாவும் ரொறன்ரோவும் அந்த நோன்பு காலத்துக்கு இடம் கொடுத்தன.

ஒரு விலக்கு அநியாயம் என்று பட்டால் இரண்டு நேர்மையான வழி உண்டு: எல்லோருக்கும் கொடு, அல்லது எல்லோரிடமும் எடு. முதலாவதை அந்த நகரம் தெரிவுசெய்தது. இரண்டாவதைக் கேட்டிருந்தாலும் நான் மதித்திருப்பேன். மணி இருக்கட்டும், பாங்கு வேண்டாம் என்பதுதான் நியாயமில்லை. எதிர்த்துப் பேசிய நம் ஆட்களில் எத்தனை பேர் அங்கே தேர்த் திருவிழாவுக்கு வீதி மறிக்க அதே நகரசபைகளிடம் அனுமதி கேட்டு நிற்பவர்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.

கேள்வி: நான் தவில் வாசிப்பவன். சத்தம் சத்தம் என்று எல்லோரும் பேசப்போக, கடைசியில் மேளத்தையும் நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— இணுவில்

பதில்: பயப்படாதீர்கள், தம்பி. தவிலும் நாதஸ்வரமும் திறந்த வீதிக்கென்றே பிறந்தவை. அவற்றின் தலையில் மைக்கைக் கட்டியதுதான் கேடு. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலை வீதியில் நின்று கேட்டவன் நான். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். இன்றைக்கு அதையே ஸ்பீக்கரில் உச்சத்துக்கு ஏற்றிக் கேட்டால் எல்லாச் சொல்லும் ஒரே இரைச்சல். 90களின் முதற்பாதியை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். திருவிழா நின்றதா? மேளம் கேட்டது, மணி கேட்டது, தேவாரம் பாடினவரின் குரல் கேட்டது. உங்கள் சபையாரிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள்: இரவுத் திருவிழாவுக்கு மைக் வேண்டாம், நாங்கள் வாசிக்கிறோம் என்று. ஸ்பீக்கர் வாடகையில் மிச்சப்படுவதைக் கலைஞர்களின் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லியும் கேட்கலாம்.

கேள்வி: பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டு எந்த மதம்? ஒரு நாளைக்கு நாலு தடவை வருகிறது.
— திருநெல்வேலி

பதில்: பசி. ஆனால் 80ஆம் பிரிவு பாணுக்கும் உண்டு. முறைப்பாடு செய்வதென்றால் முதலில் உங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு யார் செய்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைத்தொலைபேசியில் டெசிபெல் அளக்கும் செயலி போட்டிருக்கிறேன். 82 காட்டுகிறது. இதைப் பொலிஸிலும் நீதிமன்றத்திலும் சாட்சியாகக் கொடுக்கலாமா?
— ஒரு மாணவன், மானிப்பாய்

பதில்: கொடுக்கலாம், ஆனால் அதில் தொங்கிக்கொண்டு நிற்காதீர்கள். தொலைபேசியின் மைக் பேச்சுக்காகச் செய்தது. ஒவ்வொரு போனும் ஒவ்வொரு எண் காட்டும், உங்கள் பக்கத்தில் நாய் குரைத்தாலும் ஏறும். நிலைக்கக் கூடிய அளவீடு என்றால் அளவு திருத்திய கருவியால் எடுக்க வேண்டும். அதற்கு மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். அதற்கிடையில் ஒரு கொப்பியில் திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், குழாய் எந்தப் பக்கம் பார்த்து எங்கே கட்டியிருக்கிறது என்று எழுதி வாருங்கள். வீட்டு முற்றத்தில் நின்று சத்தம் கேட்கும்படி ஒரு நிமிடம் வீடியோவும் எடுங்கள், சுவர் மணிக்கூடு தெரியும்படி. அனுமதிப் பத்திரத்தில் உள்ள நேரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கொப்பியை வைத்தால் பொறுப்பதிகாரிக்கு டெசிபெல் தேவைப்படாது.